தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வரை



1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தமிழ்ப்பள்ளிதான். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்ற விதியை மனப்பாடமாகச் சொல்வோம். அதே சட்டம் தொழிலாளரின் வீடு, குடிநீர், மருத்துவம் பற்றியும் பேசியது. பள்ளியின் கதை நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் கதையை எத்தனை பேர் கேட்டிருக்கோம்? பாகான் டத்தோ வட்டாரத்தை மனசில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

1. ஏன் தோட்டத்தில் ஆஸ்பத்திரி?

கீழ்ப் பேராக் கடலோரம் தாழ்வான சதுப்பு நிலம். காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டி, ரப்பரும் தென்னையும் நட்டார்கள். 1906-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இந்த வட்டாரத்தில் வளர்ந்ததுதான். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை முதலில் தாக்கியது மலேரியா.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-இல் இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ஆனாலும் புதிதாகத் திறந்த தோட்டங்களில் சாவு நிற்கவில்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுக்கு வந்தது. ஆள் சாகும் தோட்டத்துக்கு யார் வருவார்கள்? வேலையாள் வேண்டுமென்றால் அவர் உயிரோடு இருக்க வேண்டும். 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புக்கென்றே கூட்டு மலாய் மாநிலங்களில் சட்டம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி வளர இரக்கத்தைவிட இந்தத் தேவைதான் பெரிய காரணம். தேர்வில் காரணம் கேட்டால் இதை மறக்காதீங்க.

2. டிரேசர் ஐயா

பெரிய தோட்டங்களுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருந்தது. சின்னத் தோட்டங்கள் பல சேர்ந்து ஒன்றை நடத்தின. டாக்டர் எப்போதாவது வந்து பார்ப்பார். அன்றாடம் கவனித்தவர் 'டிரேசர்' என்று நம்மவர் அழைத்த மருத்துவ உதவியாளர். காய்ச்சலுக்குக் கொய்னா, புண்ணுக்கு மருந்துக்கட்டு, பிரசவத்துக்கு ஆள் அனுப்புவது, நடுராத்திரியில் பாம்புக்கடி என்று எல்லாத்துக்கும் அவர்தான். "டிரேசர் ஐயாகிட்ட காட்டிட்டு வா" என்ற வார்த்தையைத் தோட்டத்தில் பிறந்த யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். காலைப் பெரட்டுக்கு வர முடியாதவருக்கு நோய் உண்மையா, சாக்கா என்று முடிவு செய்ததும் அவரே. நோயாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்ற மனிதர் அவர். 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது என்றால் அவர்கள் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று புரியும்.

3. தோட்டம் துண்டானபோது

1957-க்குப் பின் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையை விரிவாக்கியது. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், அதன்கீழ் துணை நிலையங்கள், அதற்கும் கீழே மருத்துவச்சி கிளினிக் என மூன்று அடுக்கு. பிறகு அது இரண்டு அடுக்கானது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் நிர்வாகத்தின் வேலை என்றே கருதப்பட்டது.

அதே காலத்தில் பல ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அப்படி விற்ற இடங்களில் வேலை போனது, வீடு போனது, மருத்துவமும் போனது. ஏன்? மூன்றும் ஒரே முதலாளியிடம் கட்டப்பட்டிருந்தன. இதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்து: வேலையோடு கட்டிய உரிமை, வேலையோடு போய்விடும்.

4. இன்று

பாகான் டத்தோ 2017-இல் தனி மாவட்டமானது. இன்று இங்குள்ளவர் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார். கூடுதல் சிகிச்சை வேண்டுமானால் தெலுக் இந்தான் மருத்துவமனை. அதற்கும் மேலே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, நம்ம பேச்சில் 'பெரிய ஆஸ்பத்திரி'. கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். எந்தத் தோட்டம், எந்த மண்டோர் என்று யாரும் கேட்பதில்லை. அடையாள அட்டை போதும். வரிசையில் காத்திருக்க வேண்டும், தூரமும் அதிகம். பக்கத்து லயத்திலேயே நம்மைத் தெரிந்த டிரேசர் இல்லை. அது இழப்புதான். ஆனால் வேலை போனாலும் இந்தக் கதவு மூடாது. அதுதான் நாம் பெற்றது.

பயிற்சி வினாக்கள்

1. தோட்டங்களில் மருத்துவமனைகள் தோன்றியதற்கான காரணங்கள் மூன்றை விளக்குக.
2. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நலன் எவ்வாறு பாதிக்கப்பட்டது?
3. தோட்ட மருத்துவத்தையும் அரசாங்க மருத்துவத்தையும் ஒப்பிடுக.

ஆசிரியர்களுக்கு: இந்த வாரம் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுங்க. வீட்டில் தாத்தா பாட்டியிடம் போய், "உங்க தோட்டத்து டிரேசர் எப்படி இருந்தார்?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். பல தோட்டங்களில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அங்கே படுத்து எழுந்தவர்களின் நினைவுதான் மிச்சம். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.