துண்டு எழுத்தும் தலையெழுத்தும்

பெரம்பலூரும் அரியலூரும் இன்று தனித்தனி மாவட்டங்கள். வெள்ளையர் ஆட்சியில் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த வானம் பார்த்த சீமை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டிய நாட்களில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று.

கடல் கடந்த அந்த ஏழை தன் முதலாளியைத் தானே தேர்ந்தெடுத்தானா? தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினான் என்பது உண்மை. எப்படி மாறினான் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் அவன் தலைமேல் கடனாக ஏறின. "இவர்கள் கடன் இவ்வளவு, இதைக் கட்டுவோரிடம் இவர்களை விட்டுவிடுவேன்" என்று துரை ஒரு சீட்டு எழுதுவார். அதன் பெயர்தான் துண்டு! அதை ஏந்திக் கங்காணி அடுத்தடுத்த தோட்டங்களில் பேரம் பேசுவான். கூடுதல் பணம் கொடுக்கும் துரைக்கே கூட்டம் சொந்தம். கூடிய பணம் கங்காணிக்கு. கூடிய கடன் கூலிக்கு! லயம் ஒழுகுகிறதா, நோய்க்கு மருந்து உண்டா என்று அவனை எவர் கேட்டார்? சொல்லாமல் வெளியேறினால், 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. தலையெழுத்து என்று தேற்றினர் ஊரார். அவனைக் கட்டியதோ துரையின் கையெழுத்து! 1921இல் சட்டம் ஒன்று துண்டை ஒழித்தது; பிரமன் குறுக்கே வரவில்லை.

வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குச் சென்ற நம் பெண்களோ அதே பூட்டை வேறு பெயரில் கண்டனர். கபாலா என்பது அதன் பெயர். அழைத்த முதலாளியின் இசைவின்றி வேறு வீடு மாற முடியாது. பல வீடுகளில் கடவுச்சீட்டும் அவர் பெட்டியிலே. (கங்காணி யாரென்று கேட்டால் என் மாணவர்கள் விழிப்பர், ஏஜெண்டு என்றால் உடனே அறிவர்.) லயத்தில் இருந்தவனுக்கு அண்டை வீட்டான் உண்டு, அடுத்த தோட்டத்துச் செய்தியாவது காதில் விழும். நான்கு சுவருக்குள் தனித்திருக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. எந்த வீடு நல்ல வீடு என்று அவள் எங்ஙனம் அறிவாள்?

மாற்றம் இல்லாமலில்லை. வீட்டு வேலையும் வேலையே என 2011இல் உலகத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2015இல் குவைத்து தனிச் சட்டம் இயற்றி, வார விடுமுறை அளித்தது. கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதைத் தடுத்தது. 2020இல் கத்தார், பழைய முதலாளியின் இசைவின்றியே வேலை மாற வழி செய்தது. 2021இல் சவூதி கொணர்ந்த திருத்தமோ வீட்டு வேலையாட்களை விட்டுவிட்டது! இந்திய அரசு, 30 வயது நிறைந்த பெண்களே இவ்வேலைக்குச் செல்லலாம் என விதித்தது. அவ்விதியைச் சுற்றுலா விசாவால் தாண்டுபவள், ஒப்பந்தம் என்ற ஒரு தாளும் கையில் இன்றி இறங்குகிறாள்.

ஒரு முறை சென்று மீண்டவள் மறுமுறை புறப்படும்போது சம்பளத்தை மட்டும் கேட்பதில்லை. "கைப்பேசி வைத்திருக்க விடுவார்களா? கதவு வெளியில் பூட்டப்படுமா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?" என்கிறாள். நூறு ரூபாய் குறைந்தாலும் கதவு திறந்திருக்கும் வீட்டையே அவள் நாடுவாள்.