சன்னியும் தாதியரும்

கடுங்காய்ச்சலிற் கிடப்பவர் போர்வையின் நூலைப் பிய்ப்பதும், வெறுங்காற்றில் எதையோ பற்றக் கைநீட்டுவதும் தீக்குறிகள் எனக் கிரேக்க வைத்திய நூல்கள் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கூறின. இந்நிலையைத் தமிழ் வைத்தியர் சன்னி என்றனர். உரோமர் வழங்கிய சொல்லோ உழவினின்று பிறந்தது. ஏர் உழுசாலை விட்டு விலகுதல் என்பது அதன் பொருள். சொல் பழையது, ஆயினும் படுக்கையருகே இந்நோயை நாள்தோறும் சோதித்தறியும் முறை புதியது. அம்முறையைத் தாங்கி நிற்பவர் தாதியரே.

1854இல் கிரிமியப் போரிற் காயமுற்றோரைப் பேணச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், பின்னர் எழுதிய தாதியியல் நூலில், வேண்டாத ஓசையையும் நோயாளரின் நித்திரையைக் கலைப்பதையும் வன்மையாகக் கண்டித்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுவிட இயலாதோர் பலர் வைத்தியசாலையை அடைந்தனர். வைத்தியர் பியோர்ன் இப்சன் காட்டிய வழியில், மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் கையாற் பையை அமுக்கி அவர்களுக்கு மூச்சளித்தனர். அடுத்த ஆண்டு அந்நகரில் எழுந்த தனிப்பிரிவே தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

இப்பிரிவுகளால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் இரவிலும் எரியும் விளக்கு, இயந்திர ஒலி, ஆழ்ந்த மயக்கமருந்து ஆகியவற்றோடு அம்மையார் கண்டித்த கேடுகளும் மீண்டன. கூச்சலிட்டுக் குழாயைப் பிடுங்குபவரின் தடுமாற்றம் எல்லோர் கண்ணிலும் பட்டது. அசையாது கிடந்தவரோ அமைதியான நோயாளி எனப்பட்டார். அந்த அமைதிக்குள்ளும் சன்னி ஒளிந்திருக்கும் என்பதைப் பலர் உணரவில்லை. தொண்டையிற் குழாயுள்ளவரால் பேசவும் இயலாதே. அவர் அறிவின் நிலையை எங்ஙனம் அறிவது?

2001இல் அமெரிக்க வைத்தியர் வெஸ்லி ஈலியும் அவர் குழுவினரும் இதற்கு வழி கண்டனர். தாதி பத்து எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறித்த எழுத்து வரும்போது மாத்திரம் நோயாளி அவர் கையை அழுத்தவேண்டும். கல் நீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போன்ற வினாக்களுக்குத் தலையசைப்பே போதும். விழிப்பின் அளவும், முன்னைய நிலையினின்று நேர்ந்த மாற்றமும் உடன் நோக்கப்படும். சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும்.

அதன் பயன் பெரிது. 2004இல் அக்குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சுவாச இயந்திரத்தின் துணையோடிருந்த 224 பேருள் 183 பேரிடம் சன்னி காணப்பட்டது. அவர்கள் ஆறு மாதத்துள் இறக்கும் அபாயம் ஏனையோரிலும் ஏறக்குறைய மும்மடங்காயிருந்தது.

பரிகாரம் எது? நெடுங்காலம் நம்பப்பட்ட ஹலோபெரிடோல் என்னும் மருந்து சன்னி நீடிக்கும் காலத்தைக் குறைக்கவில்லை என 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மாறாக, 104 நோயாளரிடம் நிகழ்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கத்திலேயே உடலை இயக்கப் பழக்கப்பட்டவர்களுக்குச் சன்னி நீடித்த நாட்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தன. வேதனையைத் தணித்தல், மயக்கமருந்தைக் குறைத்தல், இரவில் விளக்கைத் தாழ்த்துதல், மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தல், நாளும் இடமும் சொல்லுதல், உறவினரை அருகே இருத்துதல் ஆகியன இன்று தாதியர் கைக்கொள்ளும் வழிகள். இவற்றுட் பல எளிய செயல்களே. ஆனால் சன்னி உண்டென முதலில் அறிந்தாலன்றி, இவை எவருக்குத் தேவை என்பது விளங்காது. ஆகவே, அமைதியாகக் கிடப்பவரிடமும் நாள்தோறும் சென்று கைபற்றி வினவும் தாதியே அவருக்கு முதற் காவல்.