மயக்க மருந்தும் மன அமைதியும்

ஐதராபாத் நகரில் குடியேறி வாழும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் காட்டி மகிழ்கிறோம். அறுவைச் சிகிச்சை பெறுவோரின் உயிர்க்காப்பைக் குறித்து மருத்துவ உலகம் உற்றுநோக்கிய பேராராய்ச்சி ஒன்றும் இந்நகரில் நிகழ்ந்தது. அதனை நம்மிற் பலர் அறியோம்.

1846 அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கி, வலியற்ற அறுவைக்கு வழி காட்டினார். மறு ஆண்டிலேயே எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைப் புகுத்தினார். அது விரைந்து மயக்கும், சிறிதளவே போதும். ஆயினும், 1848 சனவரியில் இங்கிலாந்தில், கால்விரல் நகத்தை அகற்ற வேண்டியிருந்த ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, அதனை முகர்ந்த சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். இம்மருந்து முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா? இவ்வினா மருத்துவரை நெடுங்காலம் இரு கட்சியாகப் பிரித்தது.

நிஜாம் அரசின் மருத்துவ அதிகாரியாயிருந்த டாக்டர் எட்வர்ட் லாரி, மூச்சைக் காத்தால் போதும், இதயத்துக்கு அஞ்ச வேண்டா என்னும் கொள்கையினர். அதனை நிலைநாட்ட 1888-இல் இங்கு ஓர் ஆராய்ச்சிக் குழு கூடிற்று. இலண்டன் 'லான்செட்' இதழ் அதன் முடிவை ஐயுற்றது. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் 1,000 பவுன் வழங்க, 1889-இல் லாடர் பிரண்டன் என்னும் அறிஞர் இலண்டனிலிருந்து வந்து இரண்டாம் குழுவில் பங்குகொண்டார். 400-க்கும் மேற்பட்ட விலங்குகள்மீது சோதனைகள் நடந்தன. ஐயத்தோடு வந்த பிரண்டனும் லாரியின் கொள்கைக்கே உடன்பட்டார்.

நோயாளியை மல்லாந்து படுக்கவைத்தல், இறுக்கும் ஆடையைத் தளர்த்தல், நீண்ட அறுவைக்கு முன் சிறிது மார்பியா ஊசி போடுதல், மூச்சை இடையறாது கவனித்தல் என அக்குழு வகுத்த நெறிகள் பயனுடையனவே. ஆனால் அதன் தலையாய முடிவு முழு உண்மையன்று. 1911-இல் குட்மன் லீவி என்பார், குளோரோபார மயக்கம் ஆழமாகாத நிலையில் உடலில் அட்ரினலின் மிகுந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் எனச் சோதனையால் காட்டினார். அட்ரினலின், அச்சத்தில் நம் உடலே சுரக்கும் பொருளன்றோ! சிறுமி ஹன்னா அழுதவண்ணமே நாற்காலியில் அமர்ந்தாள் என்பது பதிவாகியுள்ளது. அவள் இறந்த காரணம் இன்றும் வாதத்துக்குரியது. எனினும் அச்சம் நீக்குதல் வெறும் உபசாரமன்று, உயிர்க்காப்பும் ஆகும் என்பது அன்று தெளிவாயிற்று.

குளோரோபாரம் இன்று அறுவைக் கூடத்தினின்றும் நீங்கிவிட்டது. மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே நோயாளியைக் கண்டு, பழைய நோய்களையும் ஒவ்வாமையையும் கேட்டறிகிறார். இரைப்பையிலுள்ளது நுரையீரலுட் புகாதிருக்க, பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன் திட உணவையும், 2 மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறார். தேவையாயின் மிடசோலம் போன்ற மருந்தால் பதற்றத்தைத் தணிக்கிறார். அதன்பின் புரோபபால் போன்ற மருந்தைச் சிரை வழியே செலுத்தி உறக்கத்தில் ஆழ்த்துகிறார். இதயம், மூச்சு இரண்டையும் கருவிகள் இடைவிடாது காட்டுகின்றன. இரு கட்சியாரின் கவலையும் இன்று ஒருங்கே கவனிக்கப்படுகிறது.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. தெலுங்கும் உருதும் அறியாத நம் மூதாட்டி ஒருவர் இந்நகர மருத்துவமனையில் அறுவைக்குக் காத்திருக்கையில், மருத்துவர் வினவுவதைத் தமிழில் விளக்கி, அவர் உண்ட உணவையும் மருந்தையும் மறைக்காது சொல்லச் செய்து, அருகிருந்து தைரியம் கூறுதல் பேருதவியாகும். அத்தொண்டினை நம் சங்க அன்பர்கள் மேற்கொள்வார்களாக!