ஆதுலர் யார்? வைத்தியக் காணியிலிருந்து காப்பீட்டு அட்டை வரை

பெரம்பலூரிலிருந்து திருச்சிச் சாலையில் தெற்கே எட்டுக் கிலோமீட்டர் அளவில் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் சன்னிதி திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளும் மாவிளக்குக்கு மாவிடிக்கும் சத்தம் கோயிலைச் சுற்றிக் கேட்கும். 2011இல் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி இங்கே தொடங்கியபின் மற்ற ஐந்து நாளும் பேருந்து நின்று ஆள் இறங்குகிறது. கோயிலுக்கு வருபவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மருத்துவமனைக்கு வருபவரிடம், இந்த ஊர் என்றில்லை, தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில், நோயைக் கேட்கும் முன்னரே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "காப்பீட்டு அட்டை இருக்குங்களா?"

அட்டை புதிது. சிகிச்சை தரத் தகுதியுள்ளவர் யார், பெறத் தகுதியுள்ளவர் யார், இரண்டையும் எந்த ஏடு முடிவு செய்கிறது என்ற சிக்கல் பழையது. அரசின் கொள்கை மாறிய ஒவ்வொரு முறையும் தமிழக வைத்தியர் முதலில் தேடியது தம் பெயர் ஏறவேண்டிய ஏட்டைத்தான், மருந்திலும் தத்துவத்திலும் மாற்றம் பின்னால்தான் வந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது ரிச்சர்ட் வைஸ் 2009இல் வெளியிட்ட 'ரெசிபீஸ் ஃபார் இம்மார்ட்டாலிட்டி'. தமிழ் வைத்தியத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நானும் அதில் கற்றவன்தான். சித்த வைத்தியர்கள் 20ஆம் நூற்றாண்டில் தமக்கென ஓர் அதிகாரத்தைக் கட்டிக்கொண்டது தமிழ் மறுமலர்ச்சியின் கதைகளோடு தம்மைப் பிணைத்துக்கொண்டதால்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். கடல்கொண்ட குமரி நாடு, சித்தர்களின் சாகாக்கலை, மறைத்துவைக்கப்பட்ட சூத்திரங்கள், இழந்துபோன பொற்காலம் என்று வைத்தியரின் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவற்றை அவர் மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. ஒரு சமூகம் தன் மருத்துவத்தைத் தனதென்று நம்புவதற்கான மொழியாக அவற்றைப் படிக்கிறார். அந்தப் பரிவு எனக்குப் பிடிக்கும்.

பிணக்கு வேறிடத்தில். வைஸ் பெரிதும் சார்ந்திருப்பது வைத்தியர்கள் வாசகருக்காக எழுதியவற்றையும் மேடையில் பேசியவற்றையும். குமரிக்கண்டம் அங்கே வராமல் வேறெங்கே வரும்? அதே வைத்தியர் அரசுக்கு மனு எழுத உட்காரும்போது தொனி மாறிவிடும்: எத்தனை தலைமுறையாகத் தொழில், யாரிடம் கற்றது, ஆண்டுக்கு எத்தனை நோயாளி. காலனியச் சட்டங்களையும் விசாரணைக் குழுக்களையும் வைஸ் தொடாமல் விடவில்லை. ஆனால் அவற்றைப் பின்திரையாக்கி, அடையாள அரசியலை முன்மேடையில் நிறுத்துகிறார். திரையையும் மேடையையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

1914ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது நாட்டு வைத்தியத்தைத் தடை செய்யவில்லை. வைத்தியர் வழக்கம்போல நாடி பிடிக்கலாம், லேகியம் கிண்டலாம். சட்டம் கை வைத்தது சர்டிபிகேட்டில். சட்டப்படி வேண்டப்படும் மருத்துவச் சான்று, பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்டால்தான் செல்லும். அரசுப் பணமும் உள்ளாட்சிப் பணமும் வாங்கும் மருந்தகங்களில் வேலையும் பதிவு பெற்றவருக்கே என்றாயிற்று. விடுப்புக் கேட்கும் குமாஸ்தாவுக்கு ஊர் வைத்தியரின் சீட்டு பயன்படாது. குணமாக்குபவர் ஒருவர், குணமானதற்கு அத்தாட்சி தருபவர் இன்னொருவர் என்ற பிளவு அன்று விழுந்தது.

இந்தச் சட்டம் அறுத்தது எதை என்று அறியப் பின்னோக்கிப் போகவேண்டும். வாலாசாபாத்துக்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1068 என்பாரும் 1069 என்பாரும் உண்டு. ஆட்சியாண்டைக் கணக்கிடும் முறையைப் பொறுத்தது, நான் அதில் தீர்ப்புச் சொல்லவில்லை. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அது. இதைப் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெருமைக்காக. நான் கூலியைக் கூட்டிப் பார்த்தேன்.

மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை வைத்தியருக்கு, 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து அடும் இருவருக்குச் சேர்த்து 60 கலம், 2 காசு. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்டிர் இருவருக்குச் சேர்த்து 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15 கலம். கலத்துக்கு 12 குறுணி, ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்தால் மருத்துவருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி, அறுவை வைத்தியருக்கு ஒரு குறுணி, மருந்து அடுபவருக்கும் ஒரு குறுணி. அறுவை வைத்தியரின் நெல்லும் மூலிகை பறிப்பவரின் நெல்லும் சரிக்குச் சரி. காசைச் சேர்த்தால் மூலிகைக்காரர் ஒரு காசு கூட. நோயாளியைத் தொட்டுத் துடைத்த பெண்ணுக்கு அதில் பாதி, நான்கு நாழி. படிநிலை அன்றைக்கே கெட்டியாக இருந்திருக்கிறது.

கூலியைவிட முக்கியம், மருத்துவர் பதவி அவருக்கும் அவர் வழியினருக்கும் உரிய காணி என்பது. தகுதியைச் சோதிக்க ஆள் இல்லை. வழிவழி உரிமையே தகுதி, கல்வெட்டே பதிவேடு. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் கல்வெட்டே பட்டியலிடுகிறது: வாசா அரிதகி, தசமூல அரிதகி, பில்வாதி நெய், கல்யாணக லவணம், பழைய நெய் என்று ஏறத்தாழ 20. பெயர்கள் வடமொழி மருத்துவ நூல் மரபின. கொடையளிப்பவரின் ஏட்டில் இருந்ததையே சாலை மருத்துவர் செய்து வைத்திருப்பார். இன்றைய காப்பீட்டுப் பட்டியலோடு இதை ஒப்பிடத் தோன்றினால் அது வாசகரின் குற்றமன்று.

இனி அந்தச் சொல். நோயாளியைக் குறிக்கும் வடசொல் 'ஆதுர'. நேரே வந்தால் ஆதுரர், ஆதுரசாலை. கல்வெட்டு மொழியில் 'ர' இடத்தில் 'ல' நிற்கிறது: ஆதுலர். குந்தவையின் கொடையோடு தொடர்புடைய தஞ்சைச் சுந்தரசோழ விண்ணகரத்தின் சாலையும் ஆதுலர்சாலைதான். அகராதி 'ஆதுலர்' என்பதற்கு நோயாளர் என்றும் வறியோர் என்றும் இரு பொருள் தருகிறது. ர–ல மயக்கம் தமிழில் புதிதல்ல. வறியோர் என்ற பொருள் எப்படி ஏறியது? கைப்பணம் கொடுக்காமல் சாலையில் கிடந்து தேறியவர் நாளடைவில் ஏழை என்று எண்ணப்பட்டிருக்கலாம். இது என் ஊகம். அந்தப் பொருள் ஏறிய நூற்றாண்டைச் சுட்டக் கல்வெட்டுச் சான்று போதாது.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்வேன். சோழர் காலத்து "ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை" என்று திருமுக்கூடலை எழுதுவது வழக்கமாகிவிட்டது. விடுதி, கல்விச்சாலை, கோயில் ஊழியம் என்று ஒரே நிறுவனத்தின் செலவினங்களுக்கு நடுவில்தான் இந்தப் 15 படுக்கைகளும் வருகின்றன. உண்ண நாழி அரிசியும் உறங்க இடமும் ஏற்கெனவே பெற்ற மாணவரும் பணியாளரும்தான் அவற்றில் கிடந்திருப்பார்கள் என்பது என் வாசிப்பு. அங்கே ஆதுலர் நோயாளர்தான். நிறுவனத்தோடு இருந்த உறவே அவர்களுக்கு உரிமை. வறுமையை எவரும் அளக்கவில்லை.

கொடை நின்றால் சாலை என்னாகும் என்பதற்குச் சிறுவாச்சூர்ச் சாலையிலேயே தெற்கே போனால் சான்று உண்டு. திருவரங்கத்தில் 13ஆம் நூற்றாண்டில் போசளர் காலத்தில் எழுந்த ஆரோக்கியசாலை படையெடுப்பில் அழிந்தது. 1493இல் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்தபோது தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார். மருத்துவசாலை போய்விட்டது, தன்வந்திரி சன்னிதி நிலைத்தது.

1914க்குத் திரும்புவோம். 1918இல் எம்.சி. கோமன் நாட்டு மருந்துகளை ஆராயப் பணிக்கப்பட்டு, வைத்தியரைப் புண்படுத்தும் அறிக்கை தந்தார். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. வினாநிரல் அனுப்பி, தமிழ் உட்படப் பல மொழிகளில் வைத்தியர்களின் விடைகளைப் பெற்று 1923இல் அறிக்கை வெளியிட்டார்கள். வைத்தியர் அரசின் கேள்விக்கு அரசின் வரிசையில் விடை எழுதப் பழகிய முதல் பெரிய நிகழ்வு இதுதான். அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. 1924 என்றும் 1925 என்றும் எழுதுகிறார்கள். ஆணை பிறந்த ஆண்டையும் வகுப்பு தொடங்கிய ஆண்டையும் கலந்ததால் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். அங்கே ஆயுர்வேதமா, சித்தமா, யுனானியா என்று மாணவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கூடவே நவீன உடற்கூற்றியலும் படிக்க வேண்டும். பாட்டனுக்குத் தேவைப்படாத 'சித்த வைத்தியர்' என்ற வரையறை பேரனின் விண்ணப்பத்தில் ஒரு கட்டமாகிவிட்டது.

வைஸ் பக்கத்தில் ஒரு மறுப்பு உண்டு: சைவ, தமிழ் மறுமலர்ச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டதே என்பார்கள். உண்மைதான். மருந்துச் சட்டத்தில் ஒரு சின்ன அடைப்புக்குறி அவருக்கே சாட்சி சொல்லும். 1964ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆயுர்வேத (சித்தம் உட்பட)' என்று சித்தத்தை அடைப்புக்குள் வைத்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை வெளியே எடுத்துத் தனிச் சொல்லாக்கியது. அடையாளப் போராட்டம் இல்லாமல் அந்த அடைப்பு உடைந்திருக்காது. இதில் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்துகொள்ளும் வைத்தியருக்கு உரிமம் வேண்டாம் என்று அதே சட்டம் விட்ட விலக்குத்தான் கிராமத்து வைத்தியரை வாழவைத்தது. சூரணத்தைக் கடைக்குக் கொடுத்தால் உற்பத்தியாளர். தன் திண்ணையில் மடித்துக் கொடுத்தால் வைத்தியர்.

கீழ்ப்பாக்கம் நிறுவனம் 1960இல் முழு அலோபதிக் கல்லூரியாயிற்று. சித்தத்துக்கு 1964இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்தது. இடைப்பட்டோர் 'ஆர்.ஐ.எம்.பி.', அதாவது பதிவு பெற்ற இந்திய மருத்துவர், என்று பலகை மாட்டி ஊசியும் போட்டார்கள், கசாயமும் கொடுத்தார்கள். 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் வந்தது. 1998இல் முக்தியார் சந்த் வழக்கில், மாநிலச் சட்டம் இடம் தந்தால் மட்டுமே இந்திய மருத்துவர் அலோபதி மருந்து எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. பலகையில் எந்த எழுத்து இருக்கலாம் என்பதே மறுபடியும் வழக்கு.

2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஏடு நோயாளி பக்கம் நகர்ந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரை. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் ஆயுஷ்மான் பாரத் இணைப்பு. வரம்பு பிறகு 1,20,000 ஆயிற்று, காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சமாயிற்று. மருத்துவமனைகள் தம்மை எப்படி மாற்றிக்கொண்டன? பட்டியலில் இடம்பெற விண்ணப்பித்தன. காப்பீட்டுக்கென்று தனி மேசை போட்டன. அறுவைக்கு முன் அனுமதி வாங்க ஸ்கேனும் அறிக்கையும் அனுப்பும் ஊழியரை வைத்தன. தொகுப்புக் கட்டணத்துக்குள் செலவை அடக்கக் கற்றன. அரசு மருத்துவமனைகளும் இதே பட்டியலில் சேர்ந்து காப்பீட்டுத் தொகை பெறுகின்றன; 2022 சனவரியில் அரியலூரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி பிறந்ததே இந்தக் காலத்தில்தான். ஆதுலர் என்ற சொல் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு நிற்பவர் அதன் இரண்டாம் பொருளை மெய்ப்பிக்கத்தான் நிற்கிறார்.

இந்த வரலாற்றின் நடுப்பகுதி, அதாவது 1930களிலிருந்து 1970 வரை, இன்னும் வீடுகளில்தான் கிடக்கிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பாட்டன் காலத்து ஆர்.ஐ.எம்.பி. சான்றிதழோ, மருந்துக் கணக்கு நோட்டோ, இந்திய மருத்துவ வாரியத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தோ பரணில் வைத்திருப்பவர்கள், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுமுன் ஒரு நகலாவது எடுத்துவைக்க வேண்டும்.