கேம்ல இல்லாத பேர்கள்: ஓர் அணி எங்கிருந்து தொடங்குகிறது?

புட்போல் மனேஜர் விளையாடுற கூட்டாளிமார் ரெண்டு பேர் ஒன்னாகச் சேர்ந்தால் வருகிற முதல் கேள்வி, "நல்ல டெக்டிக் ஒன்னு இருந்தா சொல்லு மச்சான்" என்பதுதான். ஒருத்தர் 4-2-3-1 என்பார், மற்றவர் 4-3-3 என்பார். யாரோ ஒருத்தர் பெரிய கழகம் ஒன்றுக்காகச் செய்து வைத்த அமைப்பை எடுத்து, தன்னுடைய சின்னக் கழகத்துக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மூன்று மெச் வெல்லும். நாலாவது மெச்சில் எல்லாரும் களைத்துப் போவார்கள், ரெண்டு பேருக்குக் காயம் வரும், பிறகு வரிசையாகத் தோல்விதான். "இந்த கேமே சரியில்ல" என்று மூடிவிட்டு எழும்பிப் போவதோடு கதை முடிந்துவிடும்.

நாங்கள் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். ஆட்ட அமைப்பு கடைசியில் வருவது, பட்டியல் முதலில் வருவது. உங்களிடம் யார் யார் இருக்கிறார்கள், அவர்களால் என்ன முடியும், அவர்களைப் பார்த்து எழுதி வைத்தது யார் என்ற கேள்விகளைத் தாண்டித்தான் 4-2-3-1 எல்லாம். இந்த கேமின் வரலாறும் சொல்வது அதைத்தான், உதைபந்தாட்டத்தின் வரலாறும் சொல்வது அதைத்தான். அந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், அது பூனாகலை மாதிரியான ஒரு மலைக்கும் வந்து சேரும்.

கசெட்டில் தொடங்கிய கதை

1982ல் இங்கிலாந்தில் கெவின் டோம்ஸ் என்பவர் ஏறக்குறைய தனியாளாக 'புட்போல் மனேஜர்' என்ற கேமை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்துச் சின்னக் கணினிகளில் கசெட் போட்டு ஓட விட வேண்டும். பந்தை உதைக்கிற வேலை உங்களுக்குக் கிடையாது. ஆளை வாங்கலாம், விற்கலாம், யார் இறங்குவது என்று தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதுவே போதும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் கிடந்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 1992ல், போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்ற அண்ணன் தம்பி ரெண்டு பேர் வீட்டிலிருந்தே எழுதிய 'சம்பியன்ஷிப் மனேஜர்' வந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த வீரர்களின் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். அடுத்த வருடப் பதிப்பில்தான் நிஜ வீரர்களின் பெயர்கள் வந்தன. கேமைத் தூக்கி விட்டது அந்த மாற்றம். மெச் நடக்கும்போது திரையில் படம் ஏதும் ஓடாது. "பந்து வலது பக்கம் போகிறது, கோல்!" என்பது மாதிரி எழுத்துகள் மட்டும் மின்னும். மேலே இருந்து பார்க்கிற மாதிரி ஆட்டத்தைக் காட்டத் தொடங்கியதே 2003ல்தான். அதுவரை பத்து வருடத்துக்கு மேல் ஆட்களை இரவிரவாக உட்கார வைத்தது பெயர்ப் பட்டியல்.

அதே 2003ல் கேமைச் செய்தவர்களும் வெளியிட்ட நிறுவனமான ஐடோஸும் பிரிந்தார்கள். 'சம்பியன்ஷிப் மனேஜர்' என்ற பெயர் ஐடோஸுக்குப் போனது. வீரர்களின் தரவுத்தளமும் ஆட்டத்தை ஓட்டுகிற நிரலும் கொலியர் சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இன்டரக்டிவ் பக்கம் நின்றன. அவர்கள் சேகா நிறுவனத்தோடு சேர்ந்து 2004 நவம்பரில் 'புட்போல் மனேஜர் 2005' என்று புதுப் பெயரில் வந்தார்கள். விளையாடுகிறவர்கள் பழைய பெயரின் பின்னால் போகவில்லை, பட்டியலின் பின்னால்தான் போனார்கள். பழைய பெயரில் வந்த கேம் சில வருடத்தில் மங்கிப் போனது.

பட்டியலை எழுதுவது யார்?

ஒரு வீரரின் வேகம், பாஸ், தலையால் முட்டுவது, மனத்துணிவு எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை எண் போடுகிறார்கள். அதற்கு அடியில், விளையாடுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல், அவர் இப்போது எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு தூரம் வளரலாம் என்று 200க்கு ரெண்டு எண்கள். இந்த எண்கள் எந்த மெசினிலிருந்தும் கொட்டுவதில்லை. உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். 2008ல் எவர்ட்டன் கழகம் நிஜமான ஆள் தேடலுக்கே இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த உடன்பாடு செய்தது.

மனிதக் கண்ணென்றால் பிழையும் வரும். மில்வோல் கழகத்து இளைஞர் அணியில் இருந்த செர்னோ சம்பா, 2001-02 பதிப்பில் உலகத்தையே வெல்லப் போகிற வீரர். நிஜ வாழ்க்கையில் அந்த உயரம் அவருக்கு வாய்க்கவில்லை. அதே பதிப்பில் டோ மடெய்ரா என்று போர்த்துக்கலின் சின்னக் கழகம் ஒன்றில் கோல் மழை பொழிந்த ஒருவர் இருந்தார். அப்படி ஒரு ஆட்டக்காரரே கிடையாது. தகவல் சேர்த்துக் கொடுத்தவர் நுழைத்துவிட்ட பெயர் அது. பிறகு எடுத்துவிட்டார்கள். இல்லாத ஆள் ஒருவர் பட்டியலில் ஏறி நட்சத்திரம் ஆகலாம் என்றால், இருக்கிற ஆள் ஏறாமலே போவதும் நடக்கும்தானே?

அமைப்பு ஆளுக்கேற்ப

டெக்டிக்கின் வரலாற்றில் எல்லாரும் சொல்கிற வருடம் 1925. அதுவரை ஓஃப்சைட் ஆகாமல் இருக்க, முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த வருடம் ரெண்டு பேர் போதும் என்று விதியை மாற்றினார்கள். கோல்கள் கூடின. ஆர்சனலின் ஹேர்பர்ட் சப்மன் நடுக்களத்து வீரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பின்கள வீரராக நிறுத்தினார். டபிள்யூ-எம் என்று பெயர் பெற்ற அமைப்பு அப்படித்தான் பிரபலமானது. மற்றக் கழகங்களும் அதைப் பார்த்துச் செய்தன. ஆனால் சப்மனிடம் இருந்த அலெக்ஸ் ஜேம்ஸ் மாதிரி பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆள் எல்லாக் கழகத்திலும் இல்லை. வரைபடத்தைக் கொப்பி அடிக்கலாம். ஆளைக் கொப்பி அடிக்க முடியாதே!

எங்களுக்குப் பக்கத்து உதாரணம் இன்னும் நல்லது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், சிட்டி பொலிஸ் அணியைக் கட்டி, பிறகு இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர் ஆனார். 1952 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற அணியை, 1956 மெல்பேர்னில் நாலாவது இடத்துக்குக் கொண்டு வந்தவர். 1960 ரோமில் பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ் அடித்ததுதான் இன்றுவரை ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் கடைசி கோல். அந்த அணியும் ரஹீமின் அணிதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை எடுங்கள். முதல் மெச்சில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்துக்கு எதிரான மெச்சில் நடுப் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டி வந்தது. அந்தத் தலையோடு பின்களத்தில் முட்டி மோத முடியாது. ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, முன்களத்துக்குக் கொண்டு போனார். தென்வியட்நாமோடு அரையிறுதி 3-2 வெற்றி, அதில் ஜர்னைல் ஒரு கோல். செப்டெம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம், அதே தென்கொரியா, 2-1 வெற்றி. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த வருடம் ஜூனில் இறந்து போனார்.

கேமில் இதை எப்படிச் செய்வது? புதுக் கழகத்தை எடுத்ததும் டெக்டிக் பக்கத்தைத் திறக்காதீர்கள். குழாம் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பேர் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். பின்கள வீரர்கள் மெதுவாக ஓடுகிறவர்கள் என்றால் பின் வரிசையை மேலே ஏற்றாதீர்கள், அவர்களுக்குப் பின்னால் விழுகிற ஒவ்வொரு பந்தும் கோல்தான். முன்னாலேயே நெருக்கிப் பிடிக்கிற ஆட்டம் வேணும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உடல் தாங்கு சக்தி. அது இல்லாத அணி அறுபதாவது நிமிடத்தில் நடக்கத் தொடங்கும். ரெண்டு இடத்தில் ஆடக்கூடியவரை விற்க வேண்டாம், அவர்தான் உங்கள் ஜர்னைல். தோற்றால் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றி ஐந்து மெச் பாருங்கள். இல்லாட்டி எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கேம் கண்டுபிடித்த தேசிய அணி

பட்டியலின் பலத்தை நிஜத்தில் பார்த்தது பிலிப்பைன்ஸ். 2005 வாக்கில் இந்த கேமை விளையாடிய ஒரு பிலிப்பைன்ஸ் பொடியன், செல்சி கழகத்தின் இளைஞர் அணியில் இருக்கிற பில், ஜேம்ஸ் யங்ஹஸ்பண்ட் சகோதரர்கள் தன் நாட்டுக்கும் ஆடத் தகுதியுள்ளவர்கள் என்று திரையில் கண்டு, அங்குள்ள சம்மேளனத்துக்குச் சொன்னார். அவர்களுடைய தாய் பிலிப்பைன்ஸ்காரர். 2010 டிசம்பர் 5ஆம் தேதி ஹனோயில் வியட்நாமை 2-0 என்று பிலிப்பைன்ஸ் வென்றபோது ரெண்டாவது கோல் பில்லுடையது. தன் நாட்டுக்காக 52 கோல் அடித்த பிறகுதான் அவர் ஓய்வு பெற்றார்.

இலங்கையும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. 1995ல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு, பிறகு பீபா தரவரிசையில் 200ஐயும் தாண்டிக் கீழே போனது. 2023 ஜனவரியில் பீபா தடையும் விழுந்து, ஓகஸ்டில்தான் நீங்கியது. அதன் பிறகு வந்த அணியில் ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், கிளாடியோ காமெர்க்னெக்ட், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலர். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே தண்ட உதையில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

அதில் எங்களுக்குச் சந்தோசம்தான், பொறாமை கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். ஐரோப்பாவின் கீழ்மட்ட லீக்கில் ஆடுகிற பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே பதிவு இருக்கிறது. பிறந்த தேதி, எத்தனை மெச், எத்தனை நிமிடம், எத்தனை கோல் எல்லாம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கொழும்பிலிருந்து தேடுகிறவருக்கு ஸ்டொக்ஹோமில் இருக்கிற ஆள் தெரிகிறார். பண்டாரவளையிலிருந்து மலை ஏறி வர வேண்டிய பூனாகலையில் இருக்கிற ஆள் தெரிவதில்லை. புட்போல் மனேஜரில் இந்திய லீக்கை எடுத்து ஆடலாம், இலங்கை லீக் அதில் இல்லை. அப்படியிருக்க, தோட்டத்துப் பொடியன் எங்கே இருக்கப் போகிறான்?

பட்டியலும் நாங்களும்

பட்டியலில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்து மக்களின் பேர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. 1952ல் ஒருத்தரும் போகவில்லை. 1964 ஒப்பந்தத்தில் ரெண்டு நாடும் ஆட்களை எண்ணிப் பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003ல்தான் வந்தது. எங்கள் தாத்தா பாட்டிமார் வேலை செய்யத் தெரியாமல் பட்டியலுக்கு வெளியே நிற்கவில்லை. எழுதுகிற பேனா வேறு ஆளுடைய கையில் இருந்தது.

உதைபந்தாட்டத்தில் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். மலையில் முழு மைதானத்துக்குச் சமதரை கிடைப்பது கஷ்டம். ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டம்தான் அதிகம். சின்ன இடத்தில் பந்தை வெட்டி எடுக்கிற கெட்டிக்காரத்தனம் அதில் வளரும். பதினொரு பேர் ஆட்டத்தின் நின்று விளையாடுகிற பழக்கம் வளராது. ஒரு நல்ல பயிற்றுவிப்பாளர் இதைப் பார்த்தால் யாரை எங்கே நிறுத்தலாம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்வார். ஆனால் அவர் பார்க்க ஒரு தாள் வேணுமே! பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மெச் நடக்கும், கிண்ணம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். யார் எத்தனை கோல் அடித்தது என்று அடுத்த பொங்கலுக்குக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

ஆகவே கேமில் மணிக்கணக்காக நாம் செய்கிற வேலையை மைதானத்திலும் செய்யலாம் என்பதுதான் எங்கள் யோசனை. ஒரு சி.ஆர். கொப்பி போதும். பேர், பிறந்த தேதி, எந்தக் கால், எந்த இடம், மெச் நடந்த நாள், எத்தனை நிமிடம், கோல், காயம். பிறப்புச் சான்றிதழில் பேர் பிழையாக இருந்தால் அதையும் குறித்து, திருத்துகிற வேலையை இப்போதே தொடங்க வேணும். கழகத்தில் பதியப் போகிற நாளில் ஒருத்தரை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அந்தத் தாள்தான். தங்கச்சிமார் விளையாடினால் அவர்களுடைய பேரும் அதே கொப்பியில் ஏற வேணும், தனியாகக் கடைசிப் பக்கத்தில் இல்லை. இருபதுக்கு எண் போடுகிற வேலையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். கூட்டாளிக்கு 19 போடுகிற ஆசையை அடக்கிக் கொண்டால் சரி, டோ மடெய்ரா ஒருத்தர் போதும்.

இதனால் நாளைக்கே தேசிய அணியில் ஒருத்தர் இறங்கிவிடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பதுளையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருத்தர் என்றைக்காவது வந்து, "உங்க பக்கம் இடது காலால ஆடுற பின்கள வீரர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், "இருக்காங்கண்ணே, ரெண்டு பேர்" என்று கொப்பியைத் திறந்து காட்ட முடிய வேணும். டெக்டிக்கை அதற்குப் பிறகு பேசிக் கொள்ளலாம்.