கரிசல் நிலத்து ஓவியமும் வணிகப் பொறியும்

முன்னுரை

தமிழகத்து ஓவிய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளையே நாடுவர். மலைக்குகை ஒன்று, கோயிற்சுவர் ஒன்று, அரண்மனை ஒன்று. சித்தன்னவாசலும், தஞ்சைப் பெரிய கோயிலும், பிற்கால மன்னர் மாளிகைகளும் இவ்வாறு வரலாற்றில் இடம் பெற்றன. இம்மூன்றனுள்ளும் அடங்காத ஓவியம் 'வணிகருக்காக வரைந்தது' என்ற ஒரு சொல்லாற் புறந்தள்ளப்படுகின்றது. அங்ஙனம் தள்ளுவது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட இடம் கோவில்பட்டியும், கடம்பூர் முதலிய ஊர்கள் சூழ்ந்த கரிசல் நிலமும் ஆகும்.

கரிசல் நிலம் என்றதும் தமிழ் பயில்வோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது அந்நிலத்தின் எழுத்தேயாம். இடைசெவல் என்னும் சிற்றூரிற் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. இராசநாராயணனும் அம்மண்ணின் பேச்சையும் வாழ்வையும் இலக்கியமாக்கினர். அவருள் அழகிரிசாமி எழுதத் தொடங்கிய 1940-களிலேயே, அவர்தம் ஊருக்கு அணித்தான கோவில்பட்டியில் மற்றொரு கலையும் வேர் கொண்டது. அது வண்ணத்தாற் செய்த கலை. எழுத்தைப் பற்றித் தமிழ்த்துறைகளில் ஆய்வேடுகள் பல தோன்றியுள்ளன. ஓவியமோ அத்துணைக் கவனம் பெற்றிலது. கோவில்பட்டி ஓவியரைப் பற்றி விரிவாக எழுதியவருள் முன்னிற்பவர் கனடா நாட்டு மானிடவியலறிஞர் ஸ்டீபன் இங்கிலிசு என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பொறியும் கண்ணெழுத்தும்

வணிகப் பொருள்மேல் அடையாளம் இடும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையில் ஏற்றுமதிப் பொருள்மீதும் இறக்குமதிப் பொருள்மீதும் சோழரது புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும். அந்நகரின் பண்டசாலையிற் கிடந்த பொதிகளில் வணிகர் தம் பெயரையும் அளவையும் கண்ணெழுத்தாற் பொறித்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். எனவே பண்டைக்காலத்தே இருவகை அடையாளங்கள் இருந்தமை பெறப்படும். ஒன்று அரசு இடும் பொறி. அது வரி பெற்றமைக்குச் சான்று. மற்றொன்று வணிகன் இடும் குறி. அது பொருளின் உரிமைக்கும் தரத்திற்கும் சான்று.

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பொருளொன்றை அண்மைக் காலத்திற் காட்டவேண்டுமாயின், கரிசல் நிலத்துத் தீப்பெட்டியைக் காட்டலாம். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீக்குச்சிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியமைக்கு அடையாளமாக அரசு அச்சிட்ட சுற்றுத்தாள் பெட்டிமேல் ஒட்டப்பெற்றது. தொழிலாளர் வழக்கில் அது 'பேண்ட்ரோல்' எனப்படும். பெட்டியின் முகப்பில் உரிமையாளரது படம் ஒட்டப்பெற்றது; அதனை 'லேபிள்' என்பர். அரசின் பொறியில் அழகு தேவைப்படவில்லை. வணிகன் குறியோ அழகின்றி விலைபோகாது. ஆதலின் பின்னதனிடத்தேதான் ஓவியனுக்கு வேலை பிறந்தது.

நிலமும் தொழிலும்

இந்நிலத்தில் வற்றாத ஆறு இல்லை. கரிய மண் மழைநீரை நெடுநாள் தன்னுள் இருத்தும்; அந்த ஈரத்தையே நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். 'கருங்கண்ணி' என்னும் நாட்டுப் பருத்தி இங்குப் பெயர் பெற்றது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை அமைந்தபோது, கோவில்பட்டியும் கடம்பூரும் அப்பாதையின் நிலையங்களாயின. பருத்திப்பொதி துறைமுகத்தை எளிதின் அடைந்தது. கோவில்பட்டியில் 1901-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது, நூற்பாலைகளும் எழுந்தன.

எனினும் மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர்க்கு வேறு வாழ்வில்லை. அக்குறையை ஓரளவு போக்கியது தீப்பெட்டித் தொழில். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று மீண்டனர். மறு ஆண்டில், சுவீடன் நாட்டுப் பெருநிறுவனத்தின் கிளையாகிய 'விம்கோ' இந்தியாவில் தோன்றியது. பெரும்பொறிகளையுடைய அந்நிறுவனத்தோடு, கைத்தொழிலாகச் செய்த சிறுமுதலாளர் போட்டியிட நேர்ந்தது. வறண்ட வானமும் குறைந்த கூலியும் அவர்தம் முதலாயின. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்னும் ஊர்களைச் சுற்றித் தொழில் பரவிற்று.

சிறுமுதலாளர் பலராயினமையின் படங்களும் பலவாயின. வாங்குவோருட் பலர் எழுத்தறியாதவர். அவர் கடையில் உரிமையாளரது பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, படத்தைச் சொல்லியே கேட்பர். படத்தின் பெயரே பொருளின் பெயராயிற்று. இதனால் தீப்பெட்டிப் படத்திற்கு ஓர் இலக்கணம் தானே அமைந்தது. உருவம் ஒன்றே இருத்தல் வேண்டும்; அது நடுவில் அமைதல் வேண்டும்; வண்ணம் சிலவாயும் அழுத்தமாயும் இருத்தல் வேண்டும்; இரண்டு விரல் அகலத்தாளில் எட்டி நின்று பார்ப்பவர்க்கும் விளங்குதல் வேண்டும். பறவை, விலங்கு, கருவி, ஊர்தி, தெய்வம் எனப் பொருள் எதுவாயினும் இவ்விலக்கணம் மாறவில்லை. ஒட்டுப்படம் அச்சிடும் தேவையே சிவகாசியிற் கல்லச்சுக்கூடங்கள் பெருகுதற்கு முதற்காரணம் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சுக்கூடம் வந்தபின் நாட்காட்டிப் படமும் வந்தது. அதனை வரைய ஓவியரும் வேண்டப்பட்டனர்.

கொண்டையராஜுவும் மாணாக்கரும்

இத்தேவையை நிறைவு செய்தவருள் தலைசிறந்தவர் சி. கொண்டையராஜு (1898-1976). இவர் சென்னையிற் பிறந்தவர்; 1850-இல் அலெக்சாந்தர் அண்டரால் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர். மேனாட்டு முறையில் ஒளியும் நிழலும் தீட்டும் திறனை அங்கே பெற்றார். துறவுள்ளம் கொண்டு திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்திற் சின்னாள் தங்கினார். இல்லறம் மேற்கொண்டிலர். பின்னர் நாடகக்குழு ஒன்றிற் சேர்ந்து திரைச்சீலை எழுதுவாராயினார்.

'ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி' எனச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் மூவகைத் திரைகளை மாணாக்கர் அறிவர். இருபதாம் நூற்றாண்டு நாடகக்குழுவில் எழினியின் பெயர் 'சீன்' என்பது. அரசவை, தெரு, சோலை, காடு, கோயில் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீன் வேண்டும். ஓவியன் பெருஞ்சீலையில் விரைவாக எழுதுதல் வேண்டும். விளக்கொளியில் வண்ணம் மங்காதிருத்தல் வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் காட்சி விளங்குதல் வேண்டும். கலைப்பள்ளி கற்பியாத பாடங்கள் இவை.

பேசும்படம் பரவப் பரவ நாடகக்குழுக்கள் நலிந்தன. 1940-களின் தொடக்கத்தில் கொண்டையராஜு தம் மாணாக்கரோடு கோவில்பட்டியில் தங்கிவிட்டார். மன்னர் அழைக்கவில்லை, அரசு பணி தரவில்லை, குழு கலைந்த ஊரே கூடமாயிற்று. அங்கே 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' என்னும் நிழற்பட நிலையம் எழுந்தது. நிழற்படம் எடுத்தலும், அதற்கு வண்ணம் தீட்டலும், உருவப்படம் எழுதலும் அவர்க்கு வருவாய் தந்தன. டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், எம். இராமலிங்கம், எம். சீனிவாசன், எஸ். மீனாட்சிசுந்தரம், ஜி. செண்பகராமன் ஆகியோர் இவ்வழியில் வந்த ஓவியருட் குறிப்பிடத்தக்கவர். பட்டமும் பாடத்திட்டமும் இல்லாத இக்கூடம் பழைய குருகுல முறையில் நடந்தது. மாணாக்கன் ஆசிரியரோடு இருந்து, வண்ணம் குழைத்து, பின்னணி தீட்டி, நாளடைவில் முகம் எழுதும் உரிமை பெற்றான். சில அச்சுப்படங்களில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் இணைந்து காணப்படுதல் இம்முறைக்குச் சான்றாகும்.

படத்தின் இயல்பும் ஆடையும்

கோவில்பட்டிப் படங்களைக் குறித்து 'இவை இரவிவர்மாவின் வழிநூல்' என்பாரும் உளர். இரவிவர்மா (1848-1906) 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வப்படங்களை வீடுதொறும் சேர்த்தவர் என்பது உண்மை. மேனாட்டு ஒளிநிழல் முறையைத் தெய்வ உருவிற்குப் பொருத்திக் காட்டிய முதன்மையும் அவர்க்கே உரியது. ஆயினும் இருவகைப் படங்களும் ஒன்றல்ல. இரவிவர்மாவின் தெய்வமகளிர் பெரும்பாலும் இயற்கைச் சூழலில் உலகியல் மகளிரைப் போன்றே நிற்பர். கோவில்பட்டிப் படத்தில் தெய்வம் நம்மை நேர்நோக்கி நிற்கும். அது கருவறை முன் நிற்பார் காணும் கோலம். பின்னணியில் தூணும் திரையும் தோரணமும் விளங்கும். அவை நாடக அரங்கின் எச்சங்கள். கலைப்பள்ளியின் ஒளிநிழல், நாடகச் சீனின் பகட்டு, கோயிலின் அலங்காரம் ஆகிய மூன்றும் ஒன்றாய்க் கூடியதே இம்மரபு. இதனை வழிநூல் என்பதனினும் புதுநூல் என்றலே பொருந்தும்.

ஆடை அணி வகையிலும் இவ்வேறுபாடு காணலாம். அகன்ற சரிகைக்கரைப் பட்டு, அடுக்கடுக்காக விழும் கொசுவம், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், வங்கி, மாலை என உற்சவத் திருமேனியின் ஒப்பனை முழுவதும் படத்தில் இடம் பெற்றது. பருத்தி விளைத்துப் பருத்தியே உடுத்திய உழவர் வீட்டுச் சுவரில், அவ்வீட்டார் திருமணத்திற்கன்றி எண்ணிப் பாராத பட்டு ஆண்டு முழுதும் தொங்கியது. அப்படத்தை இலவசமாகத் தந்தவர் துணி, காப்பி, நகை விற்கும் வணிகர். அழகிய ஆடை என்பது யாது என்னும் எண்ணத்தை ஊர்ப்புறத்துக்கு ஊட்டியவற்றுள் நாட்காட்டியும் ஒன்றாக இருந்திருத்தல் கூடும். ஆங்கிலேய வணிகர் மாஞ்செஸ்டர்த் துணிப்பொதிகள்மேல் இந்தியத் தெய்வப்படம் ஒட்டி விற்றதும் இதே சூழ்ச்சியின் பாற்பட்டதே. வேறுபாடு யாதெனின், அங்கே படம் கடல் கடந்து வந்தது. இங்கே படம் உள்ளூரிற் பிறந்தது.

பெயர் பெற்றோரும் பெயரிலாரும்

நாட்காட்டிப் படத்தின் அடியில் வணிகர் பெயர் பெரிதாக அச்சாகும். ஓவியர் பெயர் மூலையிற் சிறிதாக நிற்கும். ஆண்டு முடிந்தபின் மக்கள் செய்ததோ இதற்கு மாறானது. நாட்தாளைக் கிழித்து, வணிகர் பெயரை வெட்டி எறிந்து, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசையறையில் வைத்தனர். ஆதலின் ஓவியர் பெயர் வணிகர் பெயரினும் நெடிது வாழ்ந்தது.

தீப்பெட்டிப் படம் வரைந்தவர்க்கு அப்பேறும் இல்லை. அச்சிறுதாளிற் கையெழுத்திட இடம் இல்லை. பெட்டி தீர்ந்தால் படமும் குப்பையாயிற்று. அதனை ஒட்டிய கைகளோ இன்னும் மறைந்தவை. பெட்டி மடித்தலும் படம் ஒட்டலும் பெரும்பாலும் பெண்டிர் தொழில். பள்ளி செல்ல வேண்டிய சிறாரும் நெடுங்காலம் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின்னரும் அந்நிலை படிப்படியாகவே குறைந்தது. படத்தின் அழகைப் புகழும் வரலாறு இவ்வுண்மையை மறைத்தலாகாது. வறுமை இல்லாதிருப்பின் இத்தொழில் இங்குத் தோன்றியிராது. இத்தொழில் இல்லாதிருப்பின் இவ்வோவியமும் இத்துணை பரவியிராது.

முடிவுரை

கல்லச்சின் இடத்தை ஆப்செட் அச்சும், தூரிகையின் இடத்தைக் கணிப்பொறியும் பெற்றுவிட்டன. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 திசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. மலிந்த வெளிநாட்டு லைட்டர்களால் தொழில் நலிகின்றது என்ற முறையீட்டை அடுத்து, இருபது ரூபாய்க்குட்பட்ட லைட்டர் இறக்குமதியை நடுவணரசு 2023-இல் தடை செய்தது. தொழில் எவ்வாறாயினும், கையால் வரைந்த படத்தின் காலம் பெரும்பாலும் முடிந்தது. எஞ்சியிருப்பவை அச்சகங்களில் அடுக்கிக் கிடக்கும் பழம்படிகளும், வீட்டுச்சுவரில் மங்கும் படங்களும், ஆர்வலர் சிலர் திரட்டிய ஒட்டுப்படங்களுமே.

இதுகாறும் கூறியவற்றால், கரிசல் நிலத்து ஓவியம் அரசரையும் அரசையும் சாராது, வணிகக் குறியைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது என்பதும், பல மூலங்களைக் கூட்டித் தனிமரபு கண்டது என்பதும், அதன் தாள்கள் அந்நிலத்து மக்களின் தொழில், ஆடை, வழிபாடு, வறுமை ஆகிய அனைத்திற்கும் சான்றாவன என்பதும் விளங்கும். காவிரிப்பூம்பட்டினத்துப் பொதிகளில் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. அவற்றின்மேல் எழுத்து இருந்தது என்னும் செய்தி மட்டுமே உண்டு. ஓலைச்சுவடிகளை அழிவினின்று மீட்க முன்னோர் ஊர்தோறும் சென்றனர். அதே முயற்சி இத்தாள்களுக்கும் வேண்டும். படத்தையும், அச்சகப் பெயரையும், ஓவியர் கையெழுத்தையும், கிடைத்த ஊரையும் ஒருங்கே பதிந்து ஓர் அட்டவணை செய்தல் முதற்பணி. முதியோரிடம் கேட்டுப் பெயரிலா ஓவியர்க்குப் பெயர் காணல் அடுத்த பணி. தென்மாவட்டத்துப் பல்கலைக்கழக மாணாக்கர் எவரேனும் இதனைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின், தமிழக ஓவிய வரலாற்றில் இல்லாத ஒரு பகுதி எழுதப்பெறும்.