கொல்லிமலையில் ஒரு வீட்டுப் பள்ளி

கொல்லிமலை என்றதும் இலக்கியம் பயின்ற நமக்கு வல்வில் ஓரியும் அவனைப் பாடிய வன்பரணரும் நினைவுக்கு வருவர். கண்டாரைச் சிரித்து மயக்கும் பாவையும் வருவாள். பயண விருப்பம் உள்ளவர்களுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பழந்தமிழ் ஆட்சிப் பெயர்களை ஊர்த்தொகுதிகள் இன்றும் சுமந்திருக்கும் அம்மலையில், நூறாண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கும் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தது. அவ்வாறு படித்த சிறுவன் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். மருத்துவர் பிராண்டைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுக் கல்வியைப் பற்றி, அதிலும் அங்கே ஆசிரியராக இருந்தவர்கள் யார் யார் என்பதைப் பற்றி, நாம் போதிய அளவு பேசவில்லை.

வீட்டுக் கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் அது அண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்று நினைப்போர் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650. சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே பயின்றவர்கள் ஏறத்தாழ 27,000 பேர் என்று கணக்கு வந்தது. அந்நகரில் பள்ளி சென்று படித்தவர்களைப்போல் இது ஐந்து மடங்கு. இவ்வளவு பெரிய எண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். பிழையைக் கழித்தாலும், தந்தையிடமோ சிற்றப்பனிடமோ வீட்டுக்கு வந்த வாத்தியாரிடமோ ஏடு பயின்ற பிள்ளைகள் இங்கே ஏராளம் என்பது மிஞ்சும். திண்ணையும் ஒரு வகையில் வீடுதானே.

பிராண்டுகள் வீட்டுக் கல்வியை நாடியதற்குக் காரணம் வேறு. ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1907-இல் இந்தியாவுக்கு வந்த சமய ஊழியர். கட்டடத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வெப்பமண்டல மருத்துவம் கற்றவர். எவ்லின் ஹாரிஸ் லண்டனின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். இருவரும் 1913-இல் மணம் புரிந்து மலையேறினர். பால் 1914 ஜூலை 17-இல் பிறந்தார். தங்கை கோனி 1916-இல். மலைக்கு அப்போது சாலை இல்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே ஏறத் தயங்கினர். கொல்லி என்னும் பெயருக்கே ‘கொல்லும் மலை’ என்று பொருள் சொல்லப்பட்டது. இத்தகைய இடத்தில் ஆங்கிலக் குழந்தைக்கு ஏது பள்ளி? அமெரிக்க ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இலேயே கொடைக்கானலில் விடுதிப் பள்ளி தொடங்கியிருந்தனர். ஆங்கிலேயர் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாயகத்துக்குக் கப்பலேற்றிவிடுவர். அதுவரையிலான ஆண்டுகளைத் தாய்மார்களே சமாளிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தாய்மார்களை நம்பி ஒரு சந்தையும் உருவாகியிருந்தது என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தில் சார்லட் மேசன் 1891-இல் தொடங்கிய அஞ்சல்வழிப் பள்ளி, பருவந்தோறும் பாடத்திட்டத்தையும் தேர்வுத்தாளையும் பேரரசின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அனுப்பியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து கால்வர்ட் பள்ளி 1906 முதல் வீட்டுப் பாடங்களை அஞ்சலில் அனுப்பியது. இன்று இணையத்தில் விலைப்பட்டியலோடு குவிந்து கிடக்கும் கற்றல் பெட்டிகளுக்கு இவற்றைப் பாட்டன் பாட்டி எனலாம்.

பிராண்டு வீட்டில் எழுத்தும் கணக்கும் தாயின் பொறுப்பு. மாணவன் எளிதில் அடங்குகிறவனாக இல்லை. நான்கு சுவர்களுக்குள் அவனால் அமர்ந்திருக்க முடியவில்லை. எவ்லின் கண்ட வழி நம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் சொல்லித் தரப்படாதது: மரத்தின் மேல் ஏறி அமர்ந்து பாடத்தைச் செய்ய இசைந்தார். சிறுவன் கிளையில் இருந்தபடி கணக்கைப் போட்டு முடித்த தாளைக் கீழே விடுவான். தாய் கீழே நின்று திருத்துவார். முப்பது மேசைகள் வரிசையாகப் போடப்பட்ட வகுப்பறையில் பல்லாண்டு நின்று பழகிய நமக்கு இதை வாசிக்கும்போது சற்றுப் பொறாமை எழுவதை மறைப்பானேன்.

தந்தையின் வகுப்பு வெளியே நடந்தது. ஜெஸ்ஸிக்குக் கறையான்களின்மேல் தீராத ஈடுபாடு. புற்றின் ஒரு பக்கத்தைச் செதுக்கி, உள்ளே இருக்கும் பாதைகளையும் அறைகளையும் மகனுக்குக் காட்டுவார். அதே கறையானுக்கு எதிராகத் தம் வீட்டையும் காக்க வேண்டியிருந்தது. கற்றூண்களின்மேல் எழுப்பிய அவ்வீட்டில் ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த வாணலி போன்ற உலோகத் தட்டைப் பொருத்தியிருந்தார். வியக்கத்தக்க உயிர் என்று காலையில் காட்டியதையே மாலையில் வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் பொறியியலையும் பிள்ளை கண்டான். மரத்தின் வாகு, உளியின் வாய், செங்கல்லின் அடுக்கு ஆகியவை அவனுக்குப் பழகிய காட்சிகள். நோயாளிகளும் வீட்டு வாசலுக்கே வந்தனர். நரம்புச்சிலந்திப் புழுவைத் தந்தை குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாட்கணக்கில் இழுத்து எடுப்பதைச் சிறுவன் பார்த்தான். (இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல்தான்.) சீழும் இரத்தமும் கண்ட பிள்ளைக்கு மருத்துவத்தின்மேல் அருவருப்பே உண்டாயிற்று, மருத்துவனாக மட்டும் ஆவதில்லை என்று அவன் உறுதி கொண்டான். கல்விப் பயன் நேர்கோட்டில் வருவதில்லை என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று நமக்குக் கிடைக்காது.

மூன்றாவது வகை ஆசிரியர்களை வரலாறு நழுவவிட்டது. கொல்லிமலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சரிவுகளில் சாமையும் கேழ்வரகும், பள்ளங்களில் ஓடைநீரைத் தேக்கிப் படிப்படியாக நெல்லும் விளைவிப்பர். பால் பிராண்ட் 1980-களில் மண்ணைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வயல்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஊர்ப் பையன்களோடு நெல் வயலில் இறங்கித் தவளை பிடித்துக்கொண்டிருந்தாராம். சேறு கலங்கிற்று. வரப்புகளையும் மடைகளையும் காத்துவந்த முதியவர் ஒருவர் மெல்ல நடந்து வந்தார். பையன்கள் அவரைத் தாத்தா என்றழைத்தனர். அவர் அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேறுதான் ஆண்டுதோறும் சோறு தருகிறது. நீர் தெளிவாக அடுத்த வயலுக்கு இறங்கினால் மண் இங்கேயே இருக்கும். கலங்கி இறங்கினால் மண்ணும் அதோடு போய்விடும். போன மண் மலையேறித் திரும்புமா என்ற கருத்துப்பட விளக்கினார். உலகம் முழுவதும் சுற்றி, பட்டங்கள் பல பெற்று, எழுபது வயதைத் தொட்ட ஒரு மருத்துவர், மண்ணரிப்பைப் பற்றி எழுத அமர்ந்தபோது அவர் கைக்கு வந்தது இந்தப் பாடம்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பிராண்டு தம்பதியர் மலைக்கு வந்தது கற்பிக்க. சமயம் பரப்புவதே முதல் நோக்கம். அதனோடு பள்ளியும் மருத்துவமும் தொழிற்பயிற்சியும் வந்தன. அவர்களுடைய அறிக்கைகளின் நோக்கில் மலைவாழ் மக்கள் கல்லாதவர்கள், கற்பிக்கப்பட வேண்டியவர்கள். அதே வேளையில் அவர்களுடைய சொந்த மகன் வயலில் நின்று அம்மக்களிடம் நீரியல் கற்றுக்கொண்டிருந்தான்! வெள்ளைக்காரச் சிறுவன் மரத்தில் ஏறிக் கணக்குப் போட்டால் அது கல்விச் சோதனை. மலையாளிச் சிறுவன் அதே மரத்தில் ஏறிப் பழம் பறித்தால், தேனெடுக்கும் காலம் அறிந்தால், மடை திறக்கும் முறை பழகினால் அது கல்வியில்லை. இந்தக் கணக்கு இன்னும் முழுமையாகத் திருத்தப்படவில்லை என்பது நம் கருத்து.

கற்றல் கருவிகளைப் பற்றிய பேச்சு எழும்போது நாம் இன்னொரு மலையை நினைப்பதுண்டு. மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தார். போர் மூண்டதால் இத்தாலியரான அவர் நாடு திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். இளஞ்சிவப்புக் கட்டைக் கோபுரம், மணிச் சரங்கள், உருளைகள் என அளந்து செதுக்கிய கருவிகளால் உலகப்புகழ் பெற்றவர் அவர். அம்மலையில் இலையும் செடியும் நீர்வாழ் உயிர்களும் அவரைச் சூழ்ந்த சில குழந்தைகளின் பாடப்பொருள்களாயின. பின்னர் அண்டக் கல்வி என்று அவர் வளர்த்தெடுத்த கருத்து அங்கே உரம் பெற்றது. கருவிகளை அவர் கைவிட்டுவிடவில்லை. அவற்றுக்கு அப்பால் விரிந்தார். இன்று வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்க விரும்பும் தமிழ்ப் பெற்றோர் நம்மிடமும் கேட்பதுண்டு, எந்தப் பெட்டி வாங்கலாம், எந்த அட்டை நல்லது, எந்தச் செயலி நல்லது என்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை; தேர்வெழுத 1989 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஆகவே அவர்களுடைய கவலை பெரும்பாலும் பொருள்களைப் பற்றியதாகவே இருக்கிறது. பொருள்களை வாங்குவதில் தவறில்லை. பெட்டிக்குள் அடைத்த எறும்புப் பண்ணையைக் காட்டிலும் புற்றருகே நிற்கும் தந்தைக்கு நேரம் கூடுதலாகச் செலவாகும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்வோம்.

கொல்லிமலையின் வீட்டுப் பள்ளி 1923-இல் முடிந்தது. பால் ஒன்பது வயதிலும் கோனி ஏழை ஒட்டிய வயதிலும் லண்டனில் பாட்டியும் அத்தைமாரும் இருந்த வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். பிள்ளையை ஒன்பதாண்டு கையருகே வைத்துக் கற்பித்துவிட்டு, பின் ஒரு பெருங்கடலுக்கு அப்பால் விட்டுவிடும் அந்த வழக்கத்தை இன்று நாம் எப்படி நோக்குவது? அக்காலத்து ஊழியர்கள் அதைத் தியாகம் என்றனர். தியாகத்தின் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் அதற்கு இசைவு கேட்கப்படாத பிள்ளைகள் என்று சொல்லவே நமக்குத் தோன்றுகிறது.

பாடம் அஞ்சலில் தொடர்ந்தது. ஜெஸ்ஸி தவறாமல் மகனுக்குக் கடிதம் எழுதினார்; மலையில் கண்ட மரம், பூச்சி, காற்று, கட்டிய கட்டடம் எல்லாம் அவற்றில் வரும். சார்லட் மேசனின் அஞ்சல்வழிப் பள்ளி மலைக்குப் பாடம் அனுப்பியது என்றால், இங்கே மலை லண்டனுக்குப் பாடம் அனுப்பியது. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். செய்தி தந்தியில் உடனே வந்தது. கடிதங்கள் கப்பலில் வருபவை. ஆகவே தந்தை இறந்தார் என்றறிந்த பின்னும் அவர் கையெழுத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பாலுக்கு அப்போது பதினைந்து நிரம்பவில்லை. 1923-க்குப் பின் தந்தையை அவர் பார்க்கவேயில்லை.

பள்ளி முடித்தபின் பால் கட்டடத் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தச்சும் கொத்துவேலையும் முறையாகக் கற்றார். பின்னர் தந்தை படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பின்போது, மருத்துவமனையில் குருதி ஏற்றிப் பிழைத்த ஒரு பெண்ணைக் கண்டு மனம் மாறி மருத்துவத்துக்கு வந்தார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாக உலகம் நம்பிய காலம் அது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயுற்ற ஒரு பையன் சாவியை வாங்கி எளிதில் திருகித் திறந்தான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது, சாவி சதையைக் கிழித்து எலும்பு வரை சென்றிருந்தது, அவனுக்கு வலிக்கவில்லை. உணர்விழந்த கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்த வழியில் இது ஒரு படி. மடங்கிய கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்திய பின் அக்கைகளுக்கு வேலை வேண்டுமே என்று 1951-இல் நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கே தச்சுப் பட்டறையில் தாமே நின்று உளி பிடிக்கும் முறை காட்டினார். கைப்பிடி எப்படி இருந்தால் உணர்வற்ற கையைப் புண்ணாக்காது என்று யோசிக்கத் தச்சன் ஒருவன் மருத்துவனுக்குள் இருக்க வேண்டியிருந்தது.

எவ்லின்? ஓய்வு பெறும் வயது என்று ஊழிய அமைப்பு சொன்னபோது அதிலிருந்து விலகித் தாமே தனியாக மலையேறினார். கொல்லிமலையிலும் கல்வராயன், பச்சைமலைப் பகுதிகளிலும் மட்டக்குதிரை மீதேறி முதுமையில் சுற்றினார். மகன் வேலூரில் இருந்த ஆண்டுகளில் தாய் மலையில் இருந்தார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் இறந்த அவரை வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே புதைத்தனர். தாயைப் பற்றி டாரதி கிளார்க் வில்சன் 1976-இல் தனி நூலே எழுதினார். மகனைப் பற்றியும் 1965-இல் எழுதியிருந்தார். தந்தையின் பெயரும் அவற்றில் நிறைய வருகிறது. மடை காத்த அந்த முதியவரை மட்டும் தாத்தா என்ற உறவுச்சொல்லால்தான் நாம் இன்றும் சுட்ட வேண்டியிருக்கிறது.